திறக்காத லிங்க் எங்கே நிற்கிறது?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும். கீபோர்டில் ஓர் எழுத்துகூடத் தேயாத லேப்டாப்கள் இதனால் ஒரே நாளில் கிழடாகிவிட்டன. மும்பையின் கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா பக்கத்துப் பழைய கட்டடங்களில் இப்படிப்பட்ட கணினிகளுக்குக் குறைவில்லை. பெங்களூரிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ லீவுக்கு வரும் பிள்ளைகள் அவற்றைத் தூக்கி எறிய மனமில்லாமல் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். கொஞ்ச நாள் எல்லாம் சுகம். பிறகு வருகிறது போன்: "லிங்க் ஓப்பன் ஆகலைடா."

மறுமுனையிலிருந்து வழக்கமாக வரும் பதில், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கப்பா." அது பலிக்காவிட்டால், "லினக்ஸ்னாலே இப்படித்தான்." இரண்டாலும் பிரயோஜனமில்லை. "ஓப்பன் ஆகலை" என்ற ஒரு சொல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. விரல் அழுத்தியதற்கும் பக்கம் விரிவதற்கும் நடுவே லிங்க் பல கட்டங்களைத் தாண்டுகிறது. எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதற்கென்று ஓர் அறிகுறி உண்டு. அந்த அறிகுறியைப் படிக்காமல் "பிழை வந்தது" என்று சொல்லி மூடிவிடுவதுதான் நம் பழக்கம்.

முதலில் கேட்க வேண்டியது: லிங்கை எங்கிருந்து அழுத்தினீர்கள்? பிரவுசருக்குள் திறந்திருக்கும் பக்கத்திலிருந்தா, இல்லை தண்டர்பேர்டு மெயில், லிப்ரெஆபீஸ் ஆவணம், பி.டி.எஃப். என்று வெளியே ஏதாவது ஒன்றிலிருந்தா? (லிப்ரெஆபீஸில் கன்ட்ரோல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால்தான் லிங்க் திறக்கும். சில புகார்கள் இந்த அடைப்புக்குறிக்குள்ளேயே முடிந்துவிடும்.)

வெளியிலிருந்து அழுத்தும்போது மெயில் மென்பொருளுக்கு இணையப் பக்கத்தைக் காட்டத் தெரியாது. "இந்த முகவரியை யார் திறப்பார்?" என்று அது டெஸ்க்டாப்பைக் கேட்கும். லினக்ஸில் டெஸ்க்டாப் என்பது ஒன்றல்ல, க்னோம், கே.டி.இ., சினமன், எக்ஸ்.எஃப்.சி.இ. என்று பல, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குழு எழுதுகிறது. ஆளுக்கொரு வழக்கம் வைத்திருந்தால் ஒரு மென்பொருளும் ஒழுங்காக ஓடாது என்பதால், 2000ஆம் ஆண்டு ஹாவோக் பென்னிங்டன் ஒரு பொது முயற்சியைத் தொடங்கினார். ஃப்ரீடெஸ்க்டாப் என்று இன்று அறியப்படுவது அதுதான். 'எக்ஸ்டிஜி-ஓப்பன்' என்ற சிறு கருவி அந்த முயற்சியின் வழி வந்தது. உங்கள் வீட்டு ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஒரு பட்டியலில், 'எச்.டி.டி.பி.எஸ். முகவரி வந்தால் இன்ன பெயருள்ள கோப்பைப் பார்' என்று ஒரு வரி இருக்கும். எந்த பிரவுசரை எழுப்ப வேண்டும் என்பது அந்தக் கோப்பில் எழுதியிருக்கும்.

சிக்கல் வருவது இந்த ஒரு வரியில்தான். 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 பதிப்பில் ஃபயர்பாக்ஸ் பழைய பொதி வடிவத்தை விட்டு 'ஸ்னாப்' என்ற புதிய வடிவத்துக்கு மாறியது. பிரவுசர் அதேதான், முகமும் அதேதான். ஆனால் அதை எழுப்பும் கோப்பின் பெயர் மாறிவிட்டது. பட்டியலில் பழைய பெயர் இருந்தால் டெஸ்க்டாப் இல்லாத கோப்பைத் தேடும். கிடைக்காவிட்டால் கையில் அகப்படும் வேறொரு மென்பொருளிடம் தள்ளும், அல்லது ஒன்றும் செய்யாமல் இருந்துவிடும். பிரவுசரை நேரே திறந்து முகவரியைத் தட்டினால் பக்கம் வந்துவிடும். மெயிலிலிருந்து அழுத்தினால் வராது. இந்த முரண்தான் அறிகுறி. அமைப்புகளில் 'இயல்புநிலை ஆப்கள்' என்ற இடத்துக்குப் போய் இணையத்துக்கான பிரவுசரை மறுபடி தேர்ந்தெடுத்தால் வரி புதிதாக எழுதப்படும். அங்கே ஏற்கெனவே ஃபயர்பாக்ஸ் என்று சரியாகத்தான் தெரிகிறது என்றாலும் வேறொன்றுக்கு மாற்றி, மறுபடி அதற்கே திருப்புங்கள். அதுவும் உதவாவிட்டால் டெர்மினலைத் திறந்து எக்ஸ்டிஜி-ஓப்பன் கட்டளையுடன் முகவரியைச் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். மவுசால் அழுத்தியபோது மௌனமாக இருந்த கணினி டெர்மினலில் காரணத்தைச் சொல்லும். லினக்ஸின் குணம் அது: கேட்டால் சொல்லும், கேட்காவிட்டால் வாய் திறக்காது.

எல்லா லிங்க்கும் இணையப் பக்கத்துக்குப் போகிறவை அல்ல என்பதையும் மறந்துவிடுகிறோம். முகவரியின் தொடக்கத்தில், முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் சொல்தான் யாரிடம் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. 'மெயில்டு' என்று தொடங்கினால் மெயில் மென்பொருளிடம் போகும். அதில் உங்கள் கணக்கை அமைத்திருக்காவிட்டால் ஒரு வெற்றுப் படிவம் வந்து நிற்கும். நம் ஊரில் இன்னொரு வகை அதிகம். 2016இல் வந்த யு.பி.ஐ.யின் பணம் செலுத்தும் லிங்க், 'யு.பி.ஐ.' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. கைபேசியில் அதை வாங்கிக்கொள்ள ஆப்கள் வரிசையில் நிற்கின்றன. லினக்ஸ் லேப்டாப்பில் அதற்கென்று யாரும் பதிவு செய்துகொள்ளவில்லை, எனவே பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. சரிசெய்ய ஒன்றுமில்லை. அதே பக்கத்தில் கியூ.ஆர். படம் இருந்தால் போனால் படம் பிடித்துக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

பிரவுசரை எழுப்பும் இடத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ஃபயர்பாக்ஸ் ஓடும்போது, 'இந்தக் கணக்கை நான் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு அடையாளமாகத் தன் ஃபோல்டரில் ஒரு பூட்டுக் கோப்பை வைத்துக்கொள்ளும். பிரவுசர் அரைகுறையாக உறைந்து, ஜன்னல் மறைந்து, பின்னணியில் மட்டும் உயிரோடிருந்தால் புதிய லிங்க் அந்த உறைந்த பிரவுசரிடம் போய் நிற்கும். 'ஃபயர்பாக்ஸ் ஏற்கெனவே இயங்குகிறது, ஆனால் பதிலளிக்கவில்லை' என்ற செய்தி அப்போதுதான் வரும். ஓடிக்கொண்டிருக்கும் செயல்களின் பட்டியலைத் திறந்து அதை முடித்துவைத்தால் போதும். குரோமியத்தின் பூட்டில் கணினியின் பெயரும் சேர்ந்திருக்கும். உற்சாகத்தில் யாராவது கணினிக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டால், பழைய பூட்டு விடுபட்டிருக்கும் பட்சத்தில், 'வேறொரு கணினி இதைப் பயன்படுத்துகிறது' என்று குரோமியம் தன்னைத் தானே சந்தேகிக்கும்.

சரி, பிரவுசர் எழுந்துவிட்டது, முகவரியும் அதன் கைக்கு வந்துவிட்டது. இனி அந்தப் பெயரை எண்ணாக மாற்ற வேண்டும். இந்தக் கட்டத்துக்கும் மும்பைக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. இந்தியாவுக்கான 'டாட் இன்' என்ற பெயர்ப் பிரிவு 1989இல் உருவானது. 2005இல் நிக்ஸி அமைப்பின் கைக்குப் போகும்வரை அதன் பதிவேட்டை ஜூஹுவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் கவனித்தது. எர்னெட் என்ற கல்வி வலையமைப்பின் தொடக்க கால மெயில்கள் 1980களில் அந்த மையத்துக்கும் பவாய் ஐ.ஐ.டி.க்கும் இடையேதான் ஓடின. மையத்தின் நிறுவன இயக்குநர் ஸ்ரீநிவாசன் ரமணியின் பெயர் 2014இல் உலக இணையப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையத்தைத் திறந்துவிட்டது அந்த மெயில்களுக்குப் பிறகு, 1995 ஆகஸ்ட் 15 அன்று. அந்தக் காலத்து 'ஷெல்' கணக்கு வைத்திருந்தவர்கள் படமே இல்லாமல், வெறும் எழுத்தாகத் தெரிந்த பக்கங்களில் அம்புக்குறிப் பொத்தானால் லிங்க்குக்கு லிங்க் தாவினார்கள்.

பெயர் எண்ணாக மாறவில்லை என்றால் ஃபயர்பாக்ஸ் 'இந்தத் தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று சொல்லும். 'இணைக்க முடியவில்லை' என்றோ 'காத்திருந்து நேரம் கடந்துவிட்டது' என்றோ சொன்னால் அது அடுத்த கட்டம். இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் முதலாவதில் பெயரே தெரியவில்லை, இரண்டாவதில் பெயர் தெரிந்தும் ஆளைப் பிடிக்க முடியவில்லை. பெயர்ச் சிக்கலுக்கு எளிய சோதனை, கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துப் பார்ப்பது. அதில் திறந்தால் குற்றவாளி வீட்டு ரூட்டரோ இணையம் தரும் நிறுவனத்தின் பெயர் சர்வரோதான், லினக்ஸ் அல்ல. லினக்ஸுக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. கணினி தன் பெயர் விசாரணையை ஒரு வழியில் நடத்தும். ஃபயர்பாக்ஸில் பாதுகாக்கப்பட்ட பெயர்த் தேடலை இயக்கியிருந்தால் அது தனி வழியில் நடத்தும். எனவே டெர்மினலில் 'பிங்' போகிறது, பிரவுசரில் வரவில்லை, அல்லது தலைகீழ். அதைக் கண்டு மிரள வேண்டாம், ஃபயர்பாக்ஸின் அந்த அமைப்பை அணைத்துப் பாருங்கள்.

சாலையே இல்லாமல் போவதும் உண்டு. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலுக்கடியில் ஃப்ளாக், சீ-மீ-வீ 4 என்ற இரண்டு கேபிள்கள் அறுந்தன. மும்பையிலிருந்து மேற்கே போகும் போக்குவரத்தின் பெரும்பங்கு அவற்றின் வழியே போனதால், இந்தியாவின் இணையத் திறன் சுமார் பாதியாகச் சரிந்தது. அன்று அமெரிக்கத் தளங்கள் நகர மறுத்தன. உள்நாட்டுத் தளங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. சில லிங்க் மட்டும் திறக்கவில்லை என்றால் அவற்றுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை. கிங்ஸ் சர்க்கிளில் கேபிள் அறுக்க மத்தியதரைக் கடல்வரை போக வேண்டியதும் இல்லை. காந்தி மார்க்கெட் அருகே ஜூலை மழையில் தேங்கும் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிவதற்கு விளக்கம் வேண்டியிராது.

ரயில் நிலைய வைஃபை தனிக் கதை. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் ரயில்டெல்லும் கூகுளும் தொடங்கியது அந்தச் சேவை. அதில் இணைந்ததும் கைபேசி எண் கேட்கும் பக்கம் வர வேண்டும். நீங்கள் அழுத்தும் லிங்க் எச்.டி.டி.பி.எஸ். ஆக இருந்தால், நடுவில் புகுந்து வேறு பக்கம் காட்டுவதை பிரவுசர் மோசடி என்று தடுத்துவிடும். எஸ் இல்லாத வெறும் எச்.டி.டி.பி. முகவரி ஒன்றைத் தட்டினால் உள்நுழைவுப் பக்கம் வரும்.

இனி வருவது, ஒரு கடிகாரத்தால் எல்லா லிங்க்கும் செத்துப்போகும் விஷயம். ஐந்தாறு வருடம் அலமாரியில் கிடந்த கணினியின் தாய்ப்பலகையில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் பழைய தேதி ஒன்றிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் 'இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை செல்லும்' என்று எழுதியிருக்கும். உங்கள் கணினி 2012இல் வாழ்ந்துகொண்டிருந்தால் இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் அதற்கு இன்னும் பிறக்காதவை. ஜிமெயில், வங்கி, செய்தித்தாள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் 'பாதுகாப்பு அபாயம்' என்று சிவந்தால் வைரஸைத் தேடாதீர்கள். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பேட்டரியின் விலை சில பத்து ரூபாய்.

இரட்டை இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு இதன் சின்ன வடிவம் ஒன்று காத்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோசுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படிப்பட்ட கணினியில் விண்டோஸ், வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதே கடிகாரத்தில் கிரீன்விச் நேரம் இருப்பதாக நம்பும். எனவே விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறியதும் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். இணைய நேர சர்வர் வந்து திருத்தும்வரை அப்படியே. ஐந்தரை மணி நேரத்தால் சான்றிதழ்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். முப்பது விநாடிக்கொரு முறை மாறும் கடவு எண்கள் தப்பிக்காது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தை ஏற்கச் சொல்ல ஒரே ஒரு கட்டளை போதும். நேரக் குழப்பம் இந்த ஊருக்குப் புதிதல்ல: இந்திய நேரத்துக்கு 39 நிமிடம் பின்தங்கிய 'பம்பாய் நேரம்' 1955வரை இங்கே வழக்கத்தில் இருந்தது.

காலம் முடிந்த சான்றிதழ் சில சமயம் மறுமுனையில்கூட இருக்கும். 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பிடம் சான்றிதழ் பெற்ற தளங்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. பழைய லினக்ஸ் கணினிகளில் சில மென்பொருள்கள் அன்று பல தளங்களை நம்ப மறுத்தன. அதே கணினியில் ஃபயர்பாக்ஸ் சிரமமில்லாமல் திறந்தது. காரணம், ஃபயர்பாக்ஸ் நம்பத்தக்க சான்றிதழ்களின் பட்டியலைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது, இயங்குதளத்தின் பட்டியலை நம்பி இருப்பதில்லை. ஒரு பிரவுசரில் வராதது இன்னொன்றில் வருகிறதா என்று பார்ப்பது சோம்பேறி வைத்தியம் என்று சொல்வார்கள். நல்ல சோதனை என்பேன்.

இதையெல்லாம் தாண்டி சர்வரை அடைந்துவிட்டது லிங்க். சர்வர் பதிலும் சொல்கிறது: 404. பலர் இதை இணையம் வேலை செய்யாததன் அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் எல்லாம் வேலை செய்ததன் சாட்சி அது. கேட்ட பொருள் மட்டும் அங்கே இல்லை. 1989இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை முன்மொழிந்தபோது லிங்க் ஒருவழிப் பாதையாகவே அமைந்தது. யாருடைய அனுமதியும் இல்லாமல் யாரும் யாருக்கும் லிங்க் கொடுக்கலாம். கொடுக்கப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் வலை இவ்வளவு வேகமாகப் பரவியது. அதனால்தான் பக்கத்தை நகர்த்துபவருக்கு எத்தனை லிங்க் அறுந்தது என்பதும் தெரிவதில்லை. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது.

நகர்த்துபவர் மனசு வைத்தால் பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடலாம். 301 என்ற எண் அதற்கானது. கிங்ஸ் சர்க்கிளின் பூங்காவுக்கு அரசாங்கப் பெயர் மகேஷ்வரி உத்யான். டாக்ஸிக்காரரிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும் கொண்டுவந்து விடுவார். ரயில் நிலையத்தின் பெயரைத் தீர்த்தங்கர் பார்ஷ்வநாத் என்று மாற்ற மாநில அரசு 2024இல் ஒப்புதல் கொடுத்தது. அது நடந்தாலும் பழைய பெயர் கேட்டவர்களுக்கு வழி கிடைக்கும். இணையத்தில் இந்த மரியாதை தானாக வராது, யாராவது எழுதிவைக்க வேண்டும்.

லினக்ஸ் சர்வர்களால் வரும் 404 இன்னொரு ரகம். விண்டோஸ் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காது. லினக்ஸ் வழக்கமாகப் பார்க்கும். வீட்டில் விண்டோஸில் செய்து சோதித்த வலைத்தளத்தை லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் பாதிப் படங்கள் மாயமாகும் மர்மம் இதுதான். ஆங்கிலக் கோப்புப் பெயர் வைப்பவர்களின் தொல்லை இது. தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்று நாம் நிம்மதியாக இருக்கலாமா என்றால், இல்லை. நம் பங்குக்கு வேறு இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் எழுதுவதில்லை.

இணைய முகவரியில் நேரடியாகச் செல்லக்கூடியவை ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள் மட்டுமே. தமிழ் எழுத்து வந்தால் யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறைப்படி ஒவ்வொரு குறியும் 3 பைட்டாகிறது. ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு பதினறும எழுத்துமாக, 3 இடம் பிடிக்கிறது. ஆக ஒரு தமிழ்க் குறிக்கு 9 இடம். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5. முகவரியில் அது 45 இடத்தை அடைக்கும். 'கிங்ஸ்_சர்க்கிள்' 136. தமிழ் விக்கிப்பீடியாவின் பக்க முகவரியை ஃபயர்பாக்ஸிலிருந்து நகலெடுத்து மெயிலில் ஒட்டினால் தமிழுக்குப் பதிலாக அரைப் பக்கத்துக்குச் சதவீதக் குறிகள் கொட்டுவது இதனால்தான். அது பிழையல்ல, அந்த லிங்க் திறக்கும். ஆனால் நீள வரிகளை உடைக்கும் பழைய மெயில் மென்பொருள் ஒன்று நடுவில் வந்தால் முதல் வரி மட்டும் லிங்க்காகும், மீதி வெறும் எழுத்தாகக் கிடக்கும். அழுத்தினால் 404.

சதவீதமாக்காமல் தமிழிலேயே அனுப்பினால்? அங்கே வேறு வம்பு. ஒரு செய்தியில் முகவரி எங்கே முடிகிறது என்பதை மென்பொருள்தான் ஊகிக்கிறது. 'சொல்லுக்குரிய எழுத்துகள்' தொடரும்வரை தொடர்வது அதன் வழக்கம். பைத்தான் மொழியுடன் வரும் வழக்கமான தேடல் நூலகத்தின் இலக்கணப்படி க, ம போன்றவை எழுத்துகள். இகரக் குறி, கால், புள்ளி போன்றவை எழுத்துகள் அல்ல, ஒட்டுகள். அந்த இலக்கணத்தை அப்படியே நம்பி எழுதிய ஒரு நிரல், 'தமிழ்' என்று முடியும் முகவரியை 'தம' என்று வெட்டிவிடும். 'மாட்டுங்கா' வெறும் 'ம' ஆகிவிடும். திரையில் லிங்கின் நீலக் கோடு எங்கே நிற்கிறது என்று கவனித்தால் இது தெரிந்துவிடும். அப்போது முழு முகவரியையும் கையால் நகலெடுத்து ஒட்டுவதுதான் வழி. நிரல் எழுதுபவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்; பெரும்பாலும் அவர்கள் தமிழில் சோதித்தே இருக்கமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் நுட்பமானது கண்ணுக்கே தெரியாதது. 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுடன் ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது க-வுடன் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இம்மியும் வித்தியாசம் இராது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடின் விதியும் சொல்கிறது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைக்கோ அவை இரண்டு வெவ்வேறு பைட் வரிசைகள். எனவே 'கோலம்' என்று ஒரே ஃபோல்டரில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து உட்கார முடியும். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரைப் பிரித்த வடிவில் வைத்தன. மேக்கில் தயாரித்து லினக்ஸ் சர்வரில் ஏற்றிய தமிழ்ப் பெயர்க் கோப்புக்கு, விசைப்பலகையில் தட்டிய லிங்க் சேர்ந்த வடிவில் போனால், சர்வர் 'இல்லை' என்று சத்தியம் செய்யும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் கோப்பு சிரித்துக்கொண்டு இருக்கும்.

'ஸ்ரீ' இன்னும் மோசம். மாட்டுங்காவில் அந்த எழுத்து இல்லாத பெயர்ப்பலகை அபூர்வம். 2005இல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்ந்த பிறகு, ஸ-வில் தொடங்கும் பழைய ஸ்ரீ, ஶ-வில் தொடங்கும் புதிய ஶ்ரீ என்று இரண்டு உருவாயின. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். முந்தைய 'கோ'வையாவது விதிப்படி ஒன்றாக்கிவிடலாம். இவை இரண்டும் விதிப்படியே வேறு வேறு. விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறும். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள-வும் தட்டுவது, காலுக்குப் பதில் ர போடுவது ஆகியவை நம்முடைய பழைய பழக்கங்கள். தாளில் அச்சாகும்போது யாருக்கும் கேடில்லை, முகவரியில் வந்தால் 404.

தளத்தின் பெயரே தமிழில் இருக்கலாம் என்பதும் இப்போது நிஜம். .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய மூன்றும் 2010–11 காலத்தில் வேர்ப்பட்டியலில் ஏறின. உள்ளே அவை 'பியூனிகோட்' என்ற முறையில் ஆங்கில எழுத்துகளாக மாறித்தான் பயணிக்கின்றன. பிரவுசரின் முகவரிப் பட்டையில் தமிழுக்குப் பதில் இரண்டு கோடுகளுடன் விசித்திரமான ஆங்கிலக் கோவை தெரிந்தால், எழுத்துகள் கலந்த சந்தேகப் பெயரோ என்று பிரவுசர் எச்சரிக்கையாக இருக்கிறது என்று பொருள். வங்கி சம்பந்தப்பட்டதாக இருந்தால் நீங்களும் அப்படியே இருங்கள்.

லிங்க் திறந்தும் பலனில்லாத ஒரு வகையும் உண்டு. 1990களின் கடைசியிலும் அடுத்த பத்தாண்டிலும் டிஸ்கி, டாப், டாம் குறியேற்றங்களில் எழுதப்பட்ட பக்கங்கள் இன்று திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். உங்கள் லினக்ஸில் தமிழ் எழுத்துரு இல்லை என்பது இதற்குக் காரணமல்ல. அந்தப் பக்கத்தின் உரையை நகலெடுத்து ஒரு குறியேற்ற மாற்றியில் கொடுத்தால் தமிழ் வெளியே வரும். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது அதிலிருந்த தமிழ்ப் பக்கங்களும் சேர்ந்தே போயின. அவற்றுக்கு இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷின்தான் கடைசி வாய்ப்பு. இறந்த முகவரியை முழுதாக அங்கே ஒட்டிப் பாருங்கள். மாறாக, 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், டிஸ்கியில் இருந்த நூல்களை யூனிகோடிலும் தந்தது. அந்நூல்கள் இன்றும் படிக்கக் கிடைப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

லினக்ஸையும் ஃபயர்பாக்ஸையும் தமிழில் கேட்டுக் கற்க விரும்புகிறவர்கள் வெகுதூரம் போக வேண்டாம். பவாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா முன்னின்று நடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் இவற்றுக்கான குறும்பாடங்கள் தமிழ்க் குரலில் இலவசமாக இருக்கின்றன. பார்த்துக்கொண்டே செய்து பழகும்படி அமைத்திருக்கிறார்கள்.

வெளியூர்ப் பிள்ளைக்குப் போன் போடும்போது மூன்று தகவல் கையில் இருக்கட்டும்: எங்கிருந்து அழுத்தினீர்கள், திரையில் வந்த செய்தி சொல்லுக்குச் சொல் என்ன, அதே லிங்க் கைபேசியில் திறக்கிறதா. தமிழில் வலைத்தளம் நடத்துபவர்களிடம் தனியாக ஒரு கோரிக்கை. தலைப்பு முழுவதையும் முகவரியில் கொட்டாமல் சிறிய எண் ஒன்றைக் கொடுங்கள். வரும் தமிழ்ப் பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள், ஸ்ரீ இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தளத்தைப் புதுப்பிக்கும் அன்று பழைய முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் 301 எழுதாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.